அலாய் வீல் மாத்தப் போறீங்களா? சைஸ், பிசிடி, ஆஃப்செட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்க, அபார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டுக்காரங்கன்னு யார் காருக்கு வீல் மாத்தணும்னாலும் எனக்கு ஒரு போன் வந்துடும், கேக்கறதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதனால எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலோட இங்க ஒண்ணா வெச்சிருக்கேன். உதாரணத்துக்கு அதிகமா மாருதி ஸ்விஃப்டைத்தான் எடுத்திருக்கேன், கேள்வி அதிகமா வர்றதும் அந்தக் காருக்குத்தான், நான் ஓட்டறதும் அதுதான்.

"அண்ணா, என் ஸ்விஃப்டுக்கு 16 இன்ச் அலாய் உக்காருமா?"

உக்காரும், ஆனா 16ங்கறது அஞ்சு நம்பர்ல ஒரு நம்பர் மட்டும்தான். ரிம்மோட விட்டம், ரிம்மோட அகலம், பிசிடி (நட்டு ஓட்டைங்க இருக்கற வட்டத்தோட விட்டம்), நடு ஓட்டையோட அளவு, ஆஃப்செட் (வீல் எவ்ளோ உள்ள இல்லன்னா வெளிய தள்ளி உக்காருதுங்கறது), இந்த அஞ்சும் சரியா இருந்தாதான் "உக்காரும்"னு சொல்ல முடியும். கடைல போய் "16 இன்ச் காட்டுங்க"ன்னு மட்டும் கேட்டா அவங்க டிசைனைத்தான் காட்டுவாங்க, நாமளும் டிசைனைப் பாத்து மயங்கிடுவோம், மீதி நாலு நம்பர் என்னன்னு மாட்டினப்புறம்தான் தெரியவரும்.

ஸ்விஃப்டுக்கு கம்பெனியே குடுக்கற டயர் சைஸ் கீழ் வேரியன்ட்ல 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்ல 185/65 ஆர்15. பிசிடி 4×100, அதாவது நாலு ஓட்டை, 100 மிமீ வட்டம், நடு ஓட்டை 54.1 மிமீ. இந்த ரெண்டையும் போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, கீழ திரும்பத் திரும்ப வரும்.

"ரிம் பின்னாடி என்னமோ 6ஜே×15 ஈடி45ன்னு எழுதியிருக்கு, அப்படின்னா?"

6ங்கறது ரிம்மோட அகலம், இன்ச்ல. டயரோட ரெண்டு ஓரமும் ரிம்ல உக்கார்ற இடங்களுக்கு நடுவுல அளக்கறது அது, ரிம்மோட வெளி விளிம்புல டேப் வெச்சீங்கன்னா கிட்டத்தட்ட ஒரு இன்ச் கூட வரும், அதைப் பாத்து குழம்பிடாதீங்க. ஜேங்கறது அந்த விளிம்போட வடிவம், அதை விட்டுடலாம். 15 விட்டம். ஈடி45ங்கறதுதான் ஆஃப்செட், 45 மிமீ. ஐன்பிரஸ்டீஃபங்கற ஜெர்மன் வார்த்தையோட சுருக்கம் அது.

பெரும்பாலும் ஸ்போக்குக்குப் பின்பக்கம் இல்லன்னா ஹப்ல (கார்ல வீலை மாட்டற நடுப்பாகம்) ஒட்டி உக்கார்ற இடத்துகிட்ட அச்சுல வார்த்திருப்பாங்க. புது வீல் வாங்கப் போறதுக்கு முன்னாடி உங்க காரோட ஒரு வீலைக் கழட்டி இதை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அந்தப் போட்டோ இல்லாம கடைக்குப் போகாதீங்க.

"நாலு ஓட்டை வீல் எல்லா நாலு ஓட்டை காருக்கும் ஆகும்ல ப்ரோ?"

ஆகாது. ஓட்டைங்களோட நடுப்புள்ளி வழியா ஒரு வட்டம் போட்டா அந்த வட்டத்தோட விட்டம்தான் பிசிடி. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாம் 4×100. ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 4×108. பழைய ஃபியட் பாலியோ 4×98, இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, ஏன்னா 98க்கும் 100க்கும் கண்ணால வித்தியாசம் தெரியாது, நட்டும் எப்படியோ ஏறிடும். ஆனா நட்டு குழில நேரா உக்காராம சாய்ஞ்சு உக்காரும், போல்ட் எப்பவும் இழுபட்டே இருக்கும், அப்புறம் ஒருநாள் ஹைவேல அது விடும். 2 மிமீதானேன்னு யாராவது சொன்னா அந்தக் கடைய விட்டு வெளிய வந்துடுங்க.

அஞ்சு ஓட்டைல போலோ 5×100, கிரெட்டாவும் இன்னோவா கிரிஸ்டாவும் 5×114.3. ஃபார்ச்சூனர் ஆறு ஓட்டை, 6×139.7. எட்டு ஓட்டை போட்டு ரெண்டு பிசிடிக்கும் ஆகும்னு விக்கற வீல் இருக்கு, அதுல தப்பு இல்ல, ஆனா ரெண்டுல ஒண்ணு உங்களோடதான்னு பாத்துக்கணும்.

"பிசிடிய நானே அளக்க முடியுமா?"

நாலு ஓட்டைன்னா ரொம்ப ஈஸி. எதிரெதிர் ஓட்டை ரெண்டை எடுத்துக்கோங்க, ஒண்ணோட இடது விளிம்புல இருந்து இன்னொண்ணோட இடது விளிம்பு வரைக்கும் அளந்தா அதுதான் பிசிடி. அஞ்சு ஓட்டைல நேர் எதிர ஓட்டை கிடையாது, அதனால பக்கத்துப் பக்கத்து ஓட்டைக்கு நடுவுல இதே மாதிரி அளந்து 0.588ஆல வகுங்க. 58.8 வந்தா 100, 67.2 வந்தா 114.3, 63.5 வந்தா 108. சாதா ஸ்கேல்ல 98ஐயும் 100ஐயும் பிரிச்சுப் பாக்க முடியாது, வெர்னியர் வேணும், எந்த லேத் பட்டறைலயும் இருக்கும்.

"ஆஃப்செட்னா என்னன்னு எத்தனை தடவை படிச்சாலும் புரியல, சிம்பிளா சொல்லுங்க"

வீலை நிக்க வெச்சு அகலத்துல சரிபாதியா ஒரு கோடு போடுங்க. ஹப்ல ஒட்டி உக்கார்ற முகம் அந்தக் கோட்டுல இருந்து எத்தனை மிமீ தள்ளி இருக்குங்கறதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமா, அதாவது ரோட்டைப் பாக்கற பக்கமா தள்ளி இருந்தா பாசிட்டிவ், நம்ம ஊர்ல ஓடற சின்ன கார் எல்லாம் பாசிட்டிவ்தான். முகம் வெளிப்பக்கம் இருக்கறதால வீலோட உடம்பு காருக்குள்ள போய் உக்காரும்.

அதனால ஈடி நம்பர் கூடினா வீல் உள்ள போகும், குறைஞ்சா வெளிய வரும். இந்த ஒரு வரிய மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும், மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

"6ஜே ஈடி45ல இருந்து 7ஜே ஈடி38 போறேன், எவ்ளோ வெளிய வரும்?"

அரை அகலத்தை மிமீல மாத்திக்கோங்க. 6 இன்ச்ல பாதி 76.2, 7 இன்ச்ல பாதி 88.9. வெளிப்பக்கத்துக்கு அரை அகலத்துல இருந்து ஈடிய கழிக்கணும், உள்பக்கத்துக்குக் கூட்டணும். பழசு வெளிய 31.2, உள்ள 121.2. புதுசு வெளிய 50.9, உள்ள 126.9. ஆக வெளிய 19.7 மிமீ கூடுது, உள்ளயும் 5.7 மிமீ கூடுது.

இதுல நிறைய பேர் விடறது அந்த உள்பக்கம். ஈடி குறைஞ்சிருக்கே, வீல் வெளியதானே வரும்னு நினைப்பாங்க, ஆனா ரிம் ஒரு இன்ச் அகலமானதால ரெண்டு பக்கமும் 12.7 கூடி, அதுல 7 மிமீதான் வெளிய நகர்ந்திருக்கு. உள்ள ஷாக் அப்சார்பர்கிட்ட இருந்த இடைவெளில 5.7 போயிடுச்சு. ஈடி45லயே 7ஜே போட்டா உள்ள 12.7 முழுசா போயிடும், அங்க உரச நிறைய சான்ஸ் இருக்கு.

"வீல் வெளிய நல்லா நீட்டிட்டு இருந்தாதானே மாஸா இருக்கும்?"

இதுக்கு நான் ஒரு நாள் அனுபவத்தைத்தான் சொல்லணும். முதல் தடவை அலாய் போட்டப்போ ஒரு கடைல 15 இன்ச் 7ஜே ஈடி25 எடுத்துக் குடுத்தாங்க, எனக்கு அப்போ ஈடின்னா என்னன்னே தெரியாது. பார்க்கிங்ல நிக்கறப்போ பாக்க அவ்ளோ அழகு. மேல சொன்ன கணக்கைப் போட்டா, 6ஜே ஈடி45ங்கற வீலோட ஒப்பிட்டா இது 32.7 மிமீ வெளிய, அதாவது ஒண்ணேகால் இன்ச்சுக்கு மேல. ஒரு வாரம் சிட்டிக்குள்ள நான் தனியா ஓட்டினப்போ ஒண்ணும் தெரியல. அப்புறம் அம்மா, தங்கச்சி, அவ பசங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு திருவண்ணாமலை கிளம்பினோம். திண்டிவனம் தாண்டி செஞ்சி ரோட்ல ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஏறி இறங்கினதும் பின்னாடி கர்ருன்னு ஒரு சத்தம், கொஞ்ச தூரத்துல ரப்பர் தீயற வாசனை.

இறங்கிப் பாத்தா பின் இடது டயரோட தோள்ல விரல் அகலத்துக்கு சுத்தி வரைக்கும் சீவியிருக்கு, ஒரு இடத்துல உள்ள நூல் தெரியுது. லோடு ஏறினதும் பாடி கீழ இறங்கி மட்கார்டு விளிம்பு கத்தி மாதிரி டயரை அறுத்திருக்கு. டயர் வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கு நினைச்சாலும் வயிறு கலங்குது, பின்சீட்ல இருந்தது சின்ன பசங்க. அதனால இந்த விஷயத்துல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுத்துப் பேசறது இல்ல. அது தவிர, வீல் வெளிய போகப் போக வீல் பேரிங்ல விழற லோடு கூடும், ஸ்டீயரிங் பள்ளம் மேட்டுக்கெல்லாம் இழுக்கும், மழைல சேறெல்லாம் கதவு மேல அடிக்கும்.

"அப்போ 16 இன்ச்சுக்கு எந்த டயர்?"

டயரோட மொத்த உயரம் மாறக்கூடாது, அதுதான் கணக்கு. 185/65 ஆர்15ன்னா டயரோட அகலம் 185 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதுல 65 சதவீதம், அதாவது 120.25 மிமீ, மேல கீழ ரெண்டு பக்கம் 240.5, அதோட 15 இன்ச்சுக்கு 381 கூட்டினா 621.5 மிமீ. 195/55 ஆர்16 போட்டா 620.9 வருது, ஒரு மிமீ கூட வித்தியாசம் இல்ல. பலேனோ மேல் வேரியன்ட்ல வர்றதும் இதே சைஸ்தான், பிசிடியும் நடு ஓட்டையும் ஒண்ணுதான், அதனாலதான் ஸ்விஃப்ட்காரங்க பலேனோவோட ஒரிஜினல் அலாயைத் தேடித் தேடி வாங்கறாங்க. என்னைக் கேட்டா 16 போடறவங்களுக்கு முதல்ல பாக்க வேண்டியதே அதுதான்னு சொல்லுவேன், ஈடிய மட்டும் உங்க வீலோட ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க.

195/60 ஆர்16 போட்டா 640.4, மூணு சதவீதம் பெருசு. மீட்டர் 100 காட்டறப்போ நீங்க 103க்கு பக்கத்துல போவீங்க, பிக்கப் கொஞ்சம் மந்தமாகும், ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சா உள்ள லைனிங்ல உரசலாம். ரெண்டு சதவீதத்துக்குள்ள வெச்சுக்கோங்க. அப்புறம் ரிம் அகலமும் டயருக்கு ஒத்துப்போகணும், 195/55க்கு 5.5ல இருந்து 7 இன்ச் வரை, 185/65க்கு 5ல இருந்து 6.5 வரை. ஒல்லியான டயரை அகல ரிம்ல இழுத்து மாட்டறது வேண்டவே வேண்டாம்.

"17 போட்டா இன்னும் சூப்பரா இருக்கும்ல மாப்ள?"

கணக்குல வரும், 205/45 ஆர்17ன்னா 616.3, ஒரு சதவீதத்துக்குள்ளதான். ஆனா டயரோட பக்கச்சுவர் 92 மிமீதான், ஸ்விஃப்டோட 15 இன்ச் டயர்ல அது 120. மழை முடிஞ்சப்புறம் நம்ம ஊர் ரோட்ல குழி தண்ணிக்குள்ள மறைஞ்சு கிடக்கும், அந்த 28 மிமீ ரப்பர் இருந்தா அது அடிய வாங்கிக்கும், இல்லன்னா ரிம் வாங்கும். ரிம் வளையும், இல்லன்னா டயர்ல பக்கவாட்டுல முட்டை மாதிரி வீங்கும், வீங்கின டயரை ஒட்ட முடியாது, தூக்கித்தான் போடணும். ஸ்விஃப்ட் சைஸ் காருக்கு 16லயே நிறுத்திக்கோங்க.

"டயர்ல 87வின்னு போட்டிருக்கு, பழசுல 88எச் இருந்துச்சு, பரவால்லையா?"

நல்ல கேள்வி, இதைக் கேக்கறவங்க ரொம்பக் கம்மி. நம்பர் ஒரு டயர் எவ்ளோ எடை தாங்கும்ங்கறது, எழுத்து எவ்ளோ வேகம் தாங்கும்ங்கறது. 88ன்னா 560 கிலோ, 87ன்னா 545. எச் 210 கிமீ, வி 240. கம்பெனி அந்த மாடலுக்கு எவ்ளோ கேக்குதுன்னு டிரைவர் கதவு பக்கத்துல இருக்கற ஸ்டிக்கர்லயும் மேனுவல்லயும் பாருங்க, அதுக்குக் கீழ போகாதீங்க. ஸ்விஃப்டோட 14 இன்ச் டயர் 85தான், 515 கிலோ, அதனால 87 தாராளம். மனசு கேக்கலன்னா 195/55 ஆர்16 சைஸ்லயே கூட எடை தாங்கற எக்ஸ்ட்ரா லோடு டயர் 91ல கிடைக்குது. இன்னோவா மாதிரி ஏழு பேர் ஏர்ற வண்டிக்கு இதுல சமாதானமே பண்ணிக்கக் கூடாது.

"நடு ஓட்டை பெருசா இருக்கு, நட்டு டைட் பண்ணா செட் ஆகிடும்னு கடைல சொல்றாங்க"

கம்பெனி வீல் ஹப்போட நடு வட்டத்துல கச்சிதமா உக்காரும், அதுதான் வீலை நடுவுல பிடிச்சு வைக்குது. வெளிக் கடைல வாங்கற வீல்ல பல காருக்கும் ஆகட்டும்னு 67.1, 73.1ன்னு பெருசா விட்டிருப்பாங்க. ஸ்விஃப்ட் ஹப் 54.1, அப்போ நடுவுல இடைவெளி இருக்கும். அதை அடைக்க ஹப் ரிங்னு ஒரு வளையம் இருக்கு, பிளாஸ்டிக், அலுமினியம் ரெண்டும் வரும், வெளி அளவு வீலுக்கும் உள் அளவு ஹப்புக்கும் பொருந்தணும். அது இல்லாம மாட்டினா அரை மிமீ நடு தள்ளினாலே 80, 90ல ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை தடவை பேலன்ஸிங் பண்ணாலும் போகாது. நாலு வளையத்துக்காக பேரம் பேசாதீங்க, கேட்டு வாங்குங்க.

நடு ஓட்டை சின்னதா இருந்தா கதையே வேற. கிரெட்டா ஹப் 67.1, இன்னோவா கிரிஸ்டா வீல் 60.1. பிசிடி ஒண்ணுன்னு நம்பி இன்னோவா வீலைக் கொண்டுவந்தா கிரெட்டால உக்காராது. ஓட்டையக் கடைஞ்சு தர்றேன்னு சொல்லுவாங்க, நான் அதை ஒத்துக்க மாட்டேன்.

"பழைய நட்டே போதுமா?"

ரெண்டு விஷயம் பாக்கணும், மரையும் நட்டோட அடிப்பாகமும். சுசுகி மரை 12×1.25, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா எல்லாம் 12×1.5. தப்பு நட்டை கன் வெச்சு ஏத்தினா ரெண்டு சுத்து ஏறி மரைய நாசம் பண்ணிடும், அதனால முதல் நாலு சுத்து கையாலதான் ஏத்தணும், கடைப் பையன்கிட்ட நின்னு சொல்லுங்க. அடிப்பாகம் வெளி வீலுக்கு கூம்பு வடிவம்தான் வேணும். ஹோண்டா ஒரிஜினல் நட்டு அடில உருண்டையா இருக்கும், போலோ போல்ட்டும் அப்படித்தான், உருண்டைய கூம்புக் குழில வெச்சா ஒரு கோட்டுல மட்டும்தான் தொடும், எவ்ளோ டைட் பண்ணாலும் தளரும்.

"ஈடி கூட இருக்கற வீல் கைல கிடைச்சிருக்கு, ஸ்பேசர் போட்டு சரி பண்ணிடலாமா?"

ஸ்பேசர்ங்கறது வீலை வெளிய தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வைக்கற தட்டு. 3 மிமீ, 5 மிமீன்னா யோசிக்கலாம், ஆனா நட்டு போல்ட்ல எவ்ளோ ஏறுதுன்னு எண்ணிப் பாக்கணும். 12 மிமீ போல்ட்னா குறைஞ்சது 12 மிமீ நீளம் நட்டுக்குள்ள பிடிச்சிருக்கணும், 1.5 மரைக்கு 8 சுத்து, 1.25க்கு கிட்டத்தட்ட 10. இன்னொரு சிக்கல், ஸ்பேசர் போட்டதும் ஹப்போட நடு உதடு மறைஞ்சு வீலைப் பிடிக்க ஒண்ணும் இல்லாம போயிடும், மேல ஹப் ரிங்குக்குச் சொன்ன அதே பிரச்சினை. சரியான ஈடில வீல் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கறதுதான் என் யோசனை.

"காசு குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது?"

வெளிப்பக்கத்துக்கு ஒரு நூல்ல நட்டு கட்டி மட்கார்டு விளிம்புல இருந்து வீல் நடுவுக்கு நேரா தொங்க விடுங்க, நூலுக்கும் டயரோட வீங்கின பகுதிக்கும் நடுவுல எத்தனை மிமீன்னு அளங்க. கணக்குல வெளிய வர்ற மிமீ அதைவிடக் கம்மியா இருக்கணும், சஸ்பென்ஷன் அமுங்கறதுக்கும் சேத்து கொஞ்சம் மிச்சம் வேணும். உள்பக்கம் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவுல விரல் விட்டுப் பாத்து அளங்க, புது வீல் மாட்டினப்புறமும் 5 மிமீயாவது மிச்சம் இருக்கணும். ரிம் அரை இன்ச் அகலமானா அதே டயர் சுமார் 5 மிமீ அகலமாகும், அதையும் சேத்துக்கோங்க.

பிரேக் காலிப்பருக்கு (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கற பாகம்) கணக்கு உதவாது, ஸ்போக் எப்படி வளையுதுங்கறதைப் பொறுத்தது அது. டயர் இல்லாத வெறும் ரிம்மை கார்ல மாட்டிப் பாக்கணும். காலிப்பர் மேல சின்னதா சப்பாத்தி மாவு உருண்டைய ஒட்டி, ரிம்மை மாட்டி நட்டை கையால இறுக்கி மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. கழட்டிப் பாத்தா மாவு எவ்ளோ நசுங்கியிருக்குன்னு தெரியும், மிச்சம் இருக்கற கனம்தான் உங்க இடைவெளி, 3 மிமீக்கு கீழ இருந்தா வேண்டாம். டயர் ஏத்திட்டா எந்தக் கடையும் திரும்ப வாங்காது, அதனால இதை முன்னாடியே பண்ணணும். சென்னைல ஜி.பி. ரோடு மாதிரி கடை வரிசையா இருக்கற இடத்துல வார நாள் காலைல போனீங்கன்னா நிதானமா மாட்டிப் பாக்க விடுவாங்க.

"பாதி விலைக்கு பிராண்ட் மாதிரியே இருக்கற வீல் கிடைக்குது, செகண்ட் ஹேண்டும் இருக்கு, வாங்கலாமா?"

பின்னாடி திருப்பிப் பாருங்க. ஐஎஸ்ஐ முத்திரை, ஜப்பான் வீல்னா ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை, அதோட எடை தாங்கும் அளவு அச்சுல வார்த்திருக்கணும். ஒண்ணுமே இல்லாம மொழுக்குன்னு இருந்தா வெச்சிடுங்க. செகண்ட் ஹேண்ட்னா பேலன்ஸிங் மிஷின்ல வெறும் ரிம்மை சுத்த விட்டு விளிம்பு ஆடுதான்னு பாருங்க, உள்பக்கம் வெல்டிங் தழும்பு இருக்கான்னு தடவிப் பாருங்க. புதுசா பெயின்ட் அடிச்சது இன்னும் சந்தேகம், விரிசல் பெயின்ட்டுக்குக் கீழ மறைஞ்சுடும்.

"ஸ்டெப்னி என்ன பண்றது?"

மொத்த உயரம் ஒண்ணா இருந்தா பழைய இரும்பு ரிம்மே ஸ்டெப்னியா இருக்கட்டும், பஞ்சர் கடை வரைக்கும் போக அது போதும். ஆனா பழைய நட்டு, போல்ட்டை டிக்கில ஒரு டப்பால போட்டு வைங்க, முக்கியமா போலோக்காரங்க, ஹோண்டாக்காரங்க. புது கூம்பு நட்டு அந்த ரிம்ல உக்காராது, ராத்திரி ரோட்டோரம் நிக்கறப்போதான் அது ஞாபகம் வரும்.

"போலீஸ் பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?"

1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லுச்சு. அதனால பாதுகாப்பான வழி உங்க மாடலோட ஏதாவது ஒரு வேரியன்ட்ல கம்பெனியே குடுத்திருக்கற டயர் சைஸுக்குள்ள இருக்கறது, அதாவது ஸ்விஃப்ட் கீழ் வேரியன்ட் வெச்சிருக்கறவங்க 15க்குப் போறது. அதைத் தாண்டறவங்க டயர் பாடிக்கு வெளிய தெரியற மாதிரி மட்டும் போகவே கூடாது, கண்ல படறதே அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில்லோட எழுத்துல தெரிவிச்சு, பாலிசில சேக்கச் சொல்லுங்க. சொல்லாம விட்டா அலாய்க்குக் காசும் வராது, ஆக்ஸிடென்ட்ல க்ளெய்ம் மேல கேள்வியும் வரும்.

"எல்லாம் மாட்டியாச்சு அண்ணா, இனிமே ஏதாவது பாக்கணுமா?"

நட்டை டார்க் ரெஞ்சுல (எவ்ளோ இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்க, எவ்ளோன்னு உங்க மேனுவல்ல இருக்கும், சின்ன கார்ல பெரும்பாலும் 85ல இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள. புது அலாய் கொஞ்சம் ஓடினதும் உக்காந்துக்கும், நட்டு லேசா தளரும், அதனால 100 கிமீக்குள்ள திரும்ப ஒரு தடவை இறுக்கணும். கடைக்காரர் கூப்பிட மாட்டார், நீங்களே போகணும்.

அப்புறம் பின்சீட்ல மூணு பெரியவங்களை உக்கார வெச்சு, டிக்கில ரெண்டு மூட்டை அரிசி ஏத்தி, மட்கார்டு உள்விளிம்புல சாக்பீஸைத் தடவிட்டு உங்க தெருவுல இருக்கற பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி இறக்குங்க, ரெண்டு பக்கமும் முழு யூடர்ன் அடிங்க. இறங்கி டயரைப் பாருங்க. சாக்பீஸ் மாவு டயர்ல ஒட்டியிருந்தா அன்னிக்கே பழைய வீலை மாட்டிடுங்க.